சோழியும் திங்களும்: கணிதத்தின் வெற்றி குறித்த விக்னரின் வாதம் பற்றி ஒரு திறனாய்வு

1. வினா

இயற்கை உலகைக் கணிதம் இத்துணைச் செம்மையாக விவரிப்பது எங்ஙனம்? இவ்வினாவைத் தெளிவுற எழுப்பியவர் இயற்பியலறிஞர் யூஜின் விக்னர். இயற்கை அறிவியல்களில் கணிதம் நம் நியாயத்திற்கு எட்டாத அளவில் பயன் தருகிறது என்னும் பொருள்படத் தலைப்பிட்டு, 1959ஆம் ஆண்டு நியூயார்க்கில் அவர் ஆற்றிய சொற்பொழிவு 1960இல் கட்டுரையாக வெளிவந்தது. 1963இல் அவர் நோபெல் பரிசு பெற்றார். இக்கட்டுரையில் 'அற்புதம்' என்னும் சொல்லை அவர் ஒருமுறைக்கு மேல் கையாளுகிறார். இறுதியில், கணிதத்திற்கும் இயற்கைக்கும் உள்ள பொருத்தத்தை, நமக்கு விளங்காததும் நம் தகுதிக்கு மேற்பட்டதுமாகிய ஒரு கொடையாக ஏற்று நன்றி பாராட்ட வேண்டும் என்று கூறி முடிக்கிறார்.

அற்புதம், கொடை, தகுதியின்மை, நன்றி ஆகிய இச்சொற்கள் நம் அருளுரைப் பீடத்திற்கு அயலானவை அல்ல. ஆகவே விக்னரின் கட்டுரையைக் கடவுளின் உண்மைக்குச் சான்றாக எடுத்தாளும் கிறிஸ்தவ எழுத்தாளர் பலர் உளர். 'உலகம் கணிதத்தில் எழுதப்பட்டிருக்கிறது; எனவே அதை எழுதிய கணித வல்லுநர் ஒருவர் இருக்க வேண்டும்' என்பது அவர்தம் வாதம். மறுசாராரோ, 'இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கணிதத்திற்கு இணங்குவதை மட்டுமே பொறுக்கி எடுத்துக்கொண்டு, அது இணங்குகிறது என்று வியக்கிறோம்' என்பர். இவ்விரு முடிவுகளும் விரைந்து எடுத்த முடிவுகள் என்பதே இக்கட்டுரையின் துணிபு. அவற்றினும் முக்கியமாக, இம்முடிவுகளுள் முதலாவது ஆயர்ப் பணியில் தீங்கு விளைக்கக் கூடியது என்பதையும் காட்ட விழைகிறோம்.

இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற இடம் ஐரோப்பாவில் இருப்பதாக எண்ண வேண்டியதில்லை. புதுச்சேரி நகரின் வடபகுதியில், கடலையொட்டி, வைத்திக்குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பு உள்ளது. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று மயிலம் முதலிய ஊர்களிலிருந்து உற்சவ மூர்த்திகளைத் தீர்த்தவாரிக்காகக் கொண்டு வருவது இக்கடற்கரைக்கே. கதிரவன் கும்ப ராசியில் நிற்கும் மாதத்தில், அதற்கு நேர் எதிரே சிம்ம ராசியில், மக விண்மீனுக்கு அருகே, முழுநிலவு தோன்றும் நாள் அது. அந்நாள் இன்னதென்று கடற்கரையில் நின்று வானத்தைப் பார்த்து எவரும் முடிவு செய்வதில்லை. பல மாதங்களுக்கு முன்னரே கணித்து அச்சிட்ட பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்கின்றனர். இலட்சக்கணக்கான மக்களின் கால்களை ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட கரைக்கு வரச் செய்வது ஒரு கணக்கு. கணிதத்திற்கும் வானத்திற்கும் உள்ள பொருத்தம் இக்கரையில் ஒரு திருவிழாவாகவே நின்றுகொண்டிருக்கிறது.

2. விக்னர் உண்மையில் கூறுவது

ஒரு நூலையோ கட்டுரையையோ மறுப்பதற்கும் போற்றுவதற்கும் முன்னர் அதனைச் சரியாகப் படிப்பது கடன். விக்னரை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் அவருடைய வியப்பை எடுத்துக்கொண்டு, அவ்வியப்பிற்கு அவர் இட்ட வேலிகளை விட்டுவிடுகின்றனர்.

அவர் தரும் சான்றுகளுள் முதலாவது நியூட்டனின் ஈர்ப்பு விதி. நியூட்டன் தம் காலத்தில் அதனை ஏறத்தாழ 4 விழுக்காடு துல்லியத்திற்கு மட்டுமே சரிபார்க்க முடிந்தது. பின்னர் அது, ஒரு விழுக்காட்டின் பத்தாயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான பிழையுடையதாக விளங்கிற்று. தாம் போட்டதைவிடப் பன்மடங்கு மிகுதியாக நியூட்டன் அவ்விதியிலிருந்து பெற்றார் என்பதே விக்னரின் வியப்பு. குவாண்டம் இயக்கவியல் அவருடைய இரண்டாம் சான்று. ஹைட்ரஜன் அணுவுக்காக வகுத்த விதிகள், அவற்றை வகுத்தவர்கள் எண்ணியிராத ஹீலியம் அணுவுக்கும் பொருந்தின. அவ்விதிகளில் இன்றியமையாத இடம்பெறும் சிக்கலெண்களோ, 16ஆம் நூற்றாண்டில் சமன்பாடுகளைத் தீர்க்க முயன்றோர் கையில், எந்த அணுவையும் கருதாமல் தோன்றியவை.

இனி அவர் இட்ட வேலிகளைக் காண்போம். முதலாவதாக, இயற்கை விதிகளையும் தொடக்க நிலைகளையும் அவர் வேறு பிரிக்கிறார். ஒரு கல் எங்ஙனம் விழும் என்பதை விதி கூறும். அக்கல் ஏன் அங்கே இருந்தது, ஏன் அந்நேரத்தில் நழுவியது என்பவற்றை விதி கூறாது. உலகத்தைப் பற்றிய செய்திகளுள் விதிகள் உரைப்பது மிகச் சிறு பகுதியே என்பதை விக்னர் தாமே வலியுறுத்துகிறார். இரண்டாவதாக, பிழையானவை என்று நாம் அறிந்த கோட்பாடுகளும் வியக்கத்தக்க அளவு சரியான விடைகளைத் தந்ததுண்டு என்பதை ஒப்புக்கொண்டு, அவற்றுள் ஒன்றாகத் தாலமியின் மேல்வட்டக் கோட்பாட்டைக் குறிப்பிடுகிறார். புவியை நடுவில் நிறுத்தி, வட்டத்தின்மேல் வட்டம் சுழற்றிய அக்கோட்பாடும் கோள்களின் இடத்தைப் பெருமளவு சரியாகவே கூறிற்று. விடை சரியாக இருப்பதால் விளக்கம் உண்மையாகிவிடாது.

இவ்விரு வேலிகளும் எத்துணை முக்கியமானவை என்பதைப் புதுச்சேரியின் வரலாறே காட்டும்.

3. சோழிகளால் ஒரு கிரகணம்

பிரெஞ்சு வானியலறிஞர் லெ ழாந்தி 1768இல் புதுச்சேரிக்கு வந்து, போரில் இடிந்து கிடந்த கோட்டைப் பகுதியில் ஒரு வானாய்வுக் கூடம் அமைத்துக்கொண்டார். இங்குத் தங்கியிருந்த காலத்தில், தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரின் முறையை அவர் கற்கத் தலைப்பட்டார். எழுதுகோலின்றி, சோழிகளைத் தரையில் பரப்பியும் நகர்த்தியும், மனப்பாடமான வாய்பாடுகளை ஓதியும் அவர்கள் சந்திர கிரகணத்தைக் கணிப்பதைக் கண்டு அவர் வியந்தார். 1765ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள் நிகழ்ந்த கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைந்தது. அக்காலத்து ஐரோப்பாவில் உயர்வாகப் போற்றப்பட்ட தோபியாஸ் மாயரின் அட்டவணையோ 68 வினாடி மிகுந்தது என்று அவர் பதிவு செய்தார்.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர், சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றியிருந்த ஜான் வாரன், புதுச்சேரியில் சாமிநாதன் என்னும் பெயருடைய பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைச் சந்தித்தார். அவரும் சோழிகளைக் கொண்டு, மனப்பாடத்தை மட்டுமே துணையாகக் கொண்டு, 1825ஆம் ஆண்டு மே 31 – ஜூன் 1இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கணக்கிற்கும் நிகழ்விற்கும் இடையே, தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் வேறுபாடு இருந்தது. அக்கணிதருக்கு வானியல் கோட்பாடு ஏதும் தெரியாது என்பது வாரனின் தீர்ப்பு. வாரனின் 'கால சங்கலித' என்னும் நூல் 1825இல் சென்னையில் வெளிவந்தது. அதனை ஆதாரமாகக் கொண்டு 1952இல் ஓட்டோ நாய்கெபௌவர் தமிழ் வானியலைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். பழங்காலப் பாபிலோனியரும் கிரேக்கரும் அறிந்திருந்த கணக்கு முறைகள் 19ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தில் உயிரோடிருந்ததை அதில் அவர் எடுத்துக்காட்டினார்.

அம்முறையின் உயிர்நிலை எளியது. நிலவு ஒரே வேகத்தில் செல்வதில்லை. விரைந்தும் தளர்ந்தும் செல்கிறது. விரைவிலிருந்து மீண்டும் விரைவுக்கு வர அதற்கு இருபத்தேழரை நாளுக்குச் சற்று மிகுதியாகும். இத்தகைய ஒன்பது சுற்றுகள் 248 நாள்களுக்கு மிக நெருங்கி வருகின்றன. ஆகவே 248 நாள்களுக்கும் நிலவின் இடத்தை 248 வாக்கியங்களாக்கி, எழுத்துகளுக்கு எண் மதிப்புக் கொடுத்து, மனப்பாடம் செய்துகொண்டால், எந்த நாளின் நிலவையும் கூட்டிக் கழித்துப் பெறலாம். ஒன்பது சுற்றுகளில் எஞ்சும் சிறு பிழை பெருகாதபடி, 110 சுற்றுகளுக்கு இணையான 3031 நாள்கள் என்னும் பெரிய அளவும் கைவசம் உண்டு. கதிரவனின் இடத்தையும் இராகுவின் இடத்தையும் இவ்வாறே பெற்று ஒப்பிட்டால் கிரகணம் தெரிந்துவிடும்.

கோட்பாடு அறியாமல் கணக்கிட்டார் என்று அக்கணிதரை இகழ்வதற்கு முன்னர், ஆயர்களாகிய நாம் நம் நாட்காட்டியைச் சற்று நோக்குவது நன்று. உயிர்த்தெழுந்த திருநாள், இளவேனிற் சமநாளை அடுத்து வரும் முழுநிலவிற்குப் பின் வரும் ஞாயிறு. அம்முழுநிலவும் வானத்தில் பார்க்கப்படுவதன்று. 19 ஆண்டுகளுக்கு 235 நிலவு மாதங்கள் என்னும் சுழற்சியைக் கொண்டு அட்டவணையில் கணிக்கப்படுவது. இடைக்காலத் துறவியர் இதனை விரல் கணுக்களில் எண்ணினர். அவ்வட்டவணை எங்ஙனம் அமைந்தது என்று அறியாமலே நாம் ஆண்டுதோறும் அந்நாளை ஆலயத்தில் அறிவிக்கிறோம். சோழிக் கணிதரும் நாமும் இவ்வகையில் ஒரே வகுப்பினர்.

இதிலிருந்து விக்னரின் வாதத்தைப் பற்றி இரண்டு செய்திகளை அறிகிறோம். முதலாவது: வியப்பின் ஒரு பகுதி கரைந்துவிடுகிறது. ஒரு நிகழ்ச்சி திரும்பத் திரும்ப நிகழுமானால், அதனை முன்கூட்டியே உரைப்பதற்கு எண்ணத் தெரிந்தால் போதும். ஆழ்ந்த கருத்தாக்கமோ, அழகிய தேற்றமோ வேண்டுவதில்லை. இங்கே வியக்கத்தக்கது கணிதம் அன்று. நிலவு மீண்டும் மீண்டும் தன் சுவட்டில் வருவதே. இரண்டாவது: வியப்பின் மற்றொரு பகுதி கரையாமல் நிற்கிறது. வாக்கியங்கள் நிலவைப் பற்றி நிலவிடமிருந்து கற்றவை. அவை நிலவுக்கு மட்டுமே உதவும். நியூட்டனின் விதியோ விழும் பொருளிடமும் நிலவிடமும் கற்று, கடல் ஓதத்தையும், அதுவரை எவரும் கண்டிராத கோளையும் உரைக்க வல்லது. நெப்டியூன் கோள் 1846இல் இவ்வாறே முதலில் கணக்கிலும் பின்னர் தொலைநோக்கியிலும் அகப்பட்டது. சோழிக்கும் விதிக்கும் உள்ள இத்தொலைவை விக்னர் தம் கட்டுரையில் அளந்து காட்டவில்லை. கிரகணத்தைக் கணிப்பதும் ஹீலியத்தைக் கணிப்பதும் ஒரே வகை அற்புதம் என்று வாசகர் எண்ண இடமளித்தது அக்கட்டுரையின் குறை என்றே கருதுகிறோம்.

4. வலையும் மீனும்

மறுசாராரின் வாதத்தை இனி ஆராய்வோம். அதற்கு மிகச் சிறந்த உருவகத்தை ஆர்தர் எடிங்டன் 1939இல் வெளிவந்த தம் நூலில் தந்தார். கடலுயிர்களை ஆராயும் ஒருவர் இரண்டு அங்குல வலைக்கண் உடைய வலையை வீசுகிறார். அகப்பட்டவற்றை அளந்து பார்த்து, கடலில் இரண்டு அங்குலத்திற்குக் குறைந்த உயிர் இல்லை என்று விதி வகுக்கிறார். அந்த விதி கடலின் இயல்பைக் கூறவில்லை; வலையின் இயல்பையே கூறுகிறது. இயற்பியல் விதிகள் பலவும் இத்தகையனவே என்பது எடிங்டனின் கருத்து. 1980இல் ரிச்சர்ட் ஹாமிங் என்னும் கணித அறிஞர் விக்னரின் வினாவை மீண்டும் எடுத்து, இவ்வழியில் சில விடைகளைத் தந்தார்: நாம் தேடுவதையே காண்கிறோம், பொருந்தும் கணிதத்தையே தெரிந்தெடுக்கிறோம், அறிவியல் விடையளிக்கும் வினாக்கள் சிலவே, நம் அறிவும் இவ்வுலகில் பிழைத்திருக்கும் பொருட்டு உருவானதே. ஆயினும் இவையனைத்தும் சேர்ந்தும் போதா என்று நேர்மையுடன் அவரே முடிக்கிறார்.

எடிங்டனின் ஆய்வாளரை வைத்திக்குப்பத்து மீனவர் ஒருவரும் மதிக்கமாட்டார். மத்திக்கு ஒரு வலை, வஞ்சிரத்திற்கு வேறொரு வலை என்று வலைக்கண்ணை மாற்றி மாற்றி முடைந்து வாழ்வோர் அவர்கள். எவ்வளவு சிறிய மீன் அகப்படாது என்பதை வலை தீர்மானிக்கும் என்பது அவர்கள் அன்றாடம் அறிந்தது. எத்துணை நேர்த்தியான வலையும் மீனில்லாத நீரில் வெறுமையாகவே திரும்பும் என்பதும் அவர்கள் அறிந்ததே. அகப்படாததை வலை விளக்கும். அகப்பட்டதை வலை விளக்காது. கணிதத்திற்கு இணங்கும் பகுதியையே நாம் தெரிந்தெடுக்கிறோம் என்பது உண்மையாயின், தெரிந்தெடுக்க அங்கே ஒரு பகுதி இருந்தது எவ்வாறு என்னும் வினா அப்படியே எஞ்சுகிறது.

மேலும், சில வேளைகளில் வலை வீசியவர் விரும்பாத மீனும் அகப்படுகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் மேற்படிப்பிற்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது, தம் பத்தொன்பதாம் வயதில் ஒரு கணக்கைப் போட்டார். வெண்குறு விண்மீன் ஒரு குறிப்பிட்ட பொருண்மைக்கு மேல் நிலைநிற்க இயலாது என்பது அதன் முடிவு. பின்னர் செம்மைப்படுத்தப்பட்ட அவ்வெல்லை, கதிரவனின் பொருண்மையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1935 ஜனவரி 11ஆம் நாள் இலண்டன் வானியல் கழகக் கூட்டத்தில் இம்முடிவை வெளிப்படையாக எள்ளி நகையாடியவர் இதே எடிங்டன்தான். விண்மீன் இவ்வாறு முறைகேடாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தே தீர வேண்டும் என்று அவர் கருதினார். காலம் சந்திரசேகரின் கணக்கையே மெய்ப்பித்தது. 1983இல் அவருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது. நம் வலையின் வடிவமே நம் மீன் என்றால், வலை வல்லுநராகிய எடிங்டனே வேண்டாமென்று தள்ளிய மீன் எங்கிருந்து வந்தது? கணிதம் நம் விருப்பத்தின் நிழல் மட்டுமன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆகவே, 'வியப்பதற்கு ஒன்றுமில்லை' என்போரின் வாதம் பாதி உண்மை. உலகில் ஓர் ஒழுங்கு நம்மைச் சாராமல் நிற்கிறது. கணிதம் அதனைத் தொடுகிறது. இதுவரை விக்னரின் பக்கமே நிற்கிறோம்.

5. மேகமும் அலையும்

இனி விக்னரின் முதல் வேலிக்கு வருவோம். லெ ழாந்தி புதுச்சேரிக்கு வந்தது சோழிக் கணக்கைக் கற்க அன்று. கதிரவ வட்டத்தின் குறுக்கே வெள்ளிக் கோள் கடந்து செல்வதைக் காண்பதே அவர் நோக்கம். புவிக்கும் கதிரவனுக்கும் உள்ள தொலைவை அதனால் அளக்கலாம் என்று 1716இல் எட்மண்ட் ஹாலி வழி காட்டியிருந்தார். 1761ஆம் ஆண்டுக் கடப்பின்போது புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் வீழ்ந்திருந்தமையால், லெ ழாந்தி கடலில் அலைந்துகொண்டிருந்தார். ஆடும் கப்பலிலிருந்து பயனுள்ள அளவெடுக்க இயலவில்லை. எட்டாண்டுகள் காத்திருந்து, 1769 ஜூன் 4ஆம் நாள் விடியலுக்காகப் புதுச்சேரியில் கருவிகளுடன் ஆயத்தமானார். கணக்கு பிழைக்கவில்லை. குறித்த நேரத்தில் வெள்ளி கதிரவனைக் கடந்தது. ஆனால் அவ்வேளையில் வானத்தை மேகம் மூடியிருந்தது. கடப்பு முடிந்தபின் கதிரவன் தெளிவாக ஒளிர்ந்தது.

ஹாலி 1742இலேயே இறந்துவிட்டார். இறந்தவர் கணித்த நாளில் கோள் தவறாமல் வந்தது. ஆனால் அடுத்த மணி நேரத்து மேகத்தை உயிரோடிருந்த எவராலும் கணிக்க முடியவில்லை. கோளை ஆளும் விதிகளைப் போலவே மேகத்தை ஆளும் விதிகளும் கணித விதிகளே. மேகத்தைப் பொறுத்தவரை தொடக்க நிலைகள் எண்ணிறந்தவை. அவற்றுள் சிறு வேறுபாடும் விரைந்து பெருகும். கணிதத்தின் வெற்றியைப் பேசுவோர் கோளைக் காட்டுகின்றனர், மேகத்தைக் காட்டுவதில்லை.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஒரு ஞாயிறு. முழுநிலவு நாளும் ஆகும். அந்த முழுநிலவின் நேரத்தைப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே நிமிடக் கணக்கில் கூறியிருக்கலாம். அன்று காலை இந்திய நேரம் 6 மணி 28 நிமிடத்தில் சுமத்திராவின் வடபகுதிக்கு அப்பால், கடலடியில், 9.1 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. அதன் நாளையோ நேரத்தையோ எந்தக் கணக்கும் கூறவில்லை. இன்றும் அத்தகைய கணக்கு இல்லை. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் ஆழிப்பேரலை சோழமண்டலக் கரையையும் புதுச்சேரியின் மீனவக் குப்பங்களையும் தாக்கியது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 600 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் காரைக்கால் பகுதியினர்.

நிலநடுக்கம் கணக்கிற்கு எட்டவில்லை. ஆனால் அதிலிருந்து பிறந்த அலை முற்றிலும் கணக்கிற்கு அடங்கியதே. நீண்ட அலையின் வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தையும் கடலின் ஆழத்தையும் பெருக்கிக் கிடைக்கும் தொகையின் வர்க்கமூலம். 1781இல் லக்ராஞ்சு கண்ட வாய்பாடு இது. நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் அவ்வேகம் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். ஐம்பது மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். நாள்தோறும் ஏறி இறங்கும் ஓதமும் ஒரு நீண்ட அலையே. அதுவும் இவ்வாய்பாட்டிற்கே கீழ்ப்படிகிறது. மீனவரின் படகை ஏற்றி இறக்கும் நீருக்கும், அவர் இல்லத்தை அடித்துச் சென்ற நீருக்கும் ஒரே வர்க்கமூலம். அவ்வாய்பாடு இரண்டிடத்தும் ஒரே செம்மையுடன் பொருந்துகிறது.

6. இறையியல் கூறத்தக்கதும் கூறத்தகாததும்

கணிதத்தின் பொருத்தத்தைக் கடவுளின் கையொப்பமாகக் காட்டும் அருளுரை இவ்விடத்தில்தான் தடுமாறுகிறது. ஓதத்தின் ஒழுங்கைக் காட்டி 'இதோ, படைத்தவரின் கருத்து' என்று கூறுவோர், அதே ஒழுங்கிற்கு உட்பட்ட பேரலையை எங்கே வைப்பர்? ஒன்றைக் கையொப்பமாக ஏற்று மற்றொன்றை விலக்குவதற்கு அவ்வாய்பாடு எந்த அடையாளமும் தரவில்லை. உலகம் ஒழுங்குடையது என்பதற்குக் கணிதத்தின் வெற்றி சான்று பகரும். அவ்வொழுங்கு நம்மீது அன்புடையது என்பதற்கு அது சான்று பகராது. இவ்விரண்டையும் கலந்து பேசும் ஆயர், துயரமற்ற நாளில் எளிதாக ஆமென் பெறுவார். துயர நாளில், மகளை இழந்த ஒரு தாயிடம், அலையின் செம்மையைத் தெய்வப் பராமரிப்பின் செம்மையாகப் பேசும் கொடுமைக்குத் தள்ளப்படுவார்.

கெப்லரின் வரலாறு இங்கே நமக்கு வழிகாட்டும். தியூபிங்கனில் லுத்தரன் ஆயராவதற்கு இறையியல் பயின்றவர் அவர். படைப்பில் கடவுளின் வடிவகணிதத்தைக் காணலாம் என்று உறுதியாக நம்பினார். 1596இல் வெளியிட்ட நூலில், கோள்களின் இடைவெளிகளை ஐந்து சீர்த்திண்மங்களுள் அடக்கிக் காட்டி, கடவுளின் திட்டத்தையே கண்டுவிட்டதாக மகிழ்ந்தார். அழகிய கணிதம் அது, ஆனால் பிழையானது. பின்னர் செவ்வாயின் பாதையை ஆராய்ந்தபோது, அவர் கணக்கிற்கும் டைகோ பிராகியின் நோக்குகளுக்கும் இடையே 8 கலை வேறுபாடு வந்தது. வானத்தில் முழுநிலவு அடைக்கும் இடத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அது. அதனை அவர் புறக்கணித்திருக்கலாம், புறக்கணிக்கவில்லை. வட்டத்தைக் கைவிட்டு, 1609இல் நீள்வட்டத்தை வெளியிட்டார். தாம் கடவுளுக்குரியதென்று எண்ணிய வடிவத்தைக் கடவுளின் உலகத்திற்கு முன் கைவிட்டதே அவருடைய உண்மையான பக்தி எனலாம். உலகம் நம் கணிதத்திற்குக் கடன்பட்டதன்று; நம் கணிதமே உலகத்திற்குக் கணக்குக் கொடுக்க வேண்டியது. படைப்பு படைத்தவரின் விருப்பத்தைச் சார்ந்தது, நம் பகுத்தறிவின் கட்டாயத்தைச் சார்ந்ததன்று என்று நம் மரபு கற்பித்து வந்திருப்பதும் இதனையே.

அப்படியாயின் விக்னர் கூறும் 'கொடை' என்னும் சொல்லை என் செய்வது? விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் கொடையைச் சான்றாக மாற்றுவது அதனைக் கெடுப்பதாகும். கொடை பெற்றவன் அதைக் கொண்டு கொடுத்தவரை நிறுவ முற்படுவதில்லை; நன்றி கூறுகிறான்; கொடுக்கப்பட்டதைப் பிறர்க்குப் பயன்படுத்துகிறான். விக்னர் நன்றியோடு நின்றுவிட்டார். பயன்படுத்தும் கடமையைப் பற்றி அவர் கட்டுரை பேசவில்லை. திருச்சபை பேச வேண்டிய இடம் அதுவே.

2004இல் அந்த இரண்டரை மணி நேரத்தில் கணிதத்தில் எக்குறையும் இல்லை. வாய்பாடு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. பசிபிக் பெருங்கடலில் 1949 முதலே எச்சரிக்கை மையம் இயங்கி வந்தது. இந்தியப் பெருங்கடலில் அத்தகைய மையம் இல்லை. கடலடியின் அசைவை அறிந்து, அலை வரும் நேரத்தைக் கணித்து, கரையிலுள்ள குப்பத்திற்குச் செய்தி சேர்க்கும் ஏற்பாடும் இல்லை. 2007இல்தான் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. நிலநடுக்கத்தைத் தடுக்க எவராலும் இயலாது என்பது உண்மை. அதற்குப் பின் வந்த இரண்டரை மணி நேரம் வீணானதும் உண்மை. முன்னது இறையியலின் ஆழ்ந்த துயரம். பின்னது மனிதரின் கடமைத் தவறு. இரண்டையும் ஒன்றாக்கி 'கடவுளின் செயல்' என்று பெயரிடுவது, கடவுளுக்கும் நீதியன்று, இறந்தவர்க்கும் நீதியன்று. கணக்கிற்கு எட்டும் எல்லை விரியுந்தோறும் 'எவர் கண்டார்' என்று கூறித் தப்பும் எல்லை சுருங்குகிறது.

யோபின் நூலின் 38ஆம் அதிகாரத்தில், கடவுள் கடலின் எல்லையையும் விண்மீன்களின் ஒழுங்கையும் பற்றி யோபை வினவுகிறார். நம்மில் பலர் அப்பகுதியைப் படைப்பின் ஒழுங்கைப் போற்றும் பாடலாக வாசிக்கிறோம். ஆயினும் அவ்வினாக்கள் மக்களை இழந்து சாம்பலில் அமர்ந்திருக்கும் ஒருவனிடம் கேட்கப்படுகின்றன. அவன் துன்பத்திற்கு அவ்வொழுங்கு காரணமாகவும் கூறப்படவில்லை, ஆறுதலாகவும் கூறப்படவில்லை. அந்நூலின் முடிவில் கடவுளின் கண்டனத்திற்கு உள்ளாவோர், ஒழுங்கைக் கொண்டு துன்பத்தை விளக்க முனைந்த நண்பர்களே என்பதையும் மறத்தலாகாது.

ஆகவே, இறையியல் மாணவர் விக்னரின் கட்டுரையைப் படிக்கட்டும். அதன் வேலிகளோடு சேர்த்துப் படிக்கட்டும். எண்ணத் தெரிந்த கை, நிலவின் வருகையை உரைத்தது என்பதில் வியப்புக் கொள்ளட்டும். நம் விருப்பத்திற்கு மாறாகவும் கணக்கு மெய்யாவதில் தாழ்மை கற்கட்டும். துயருற்ற இல்லத்திற்குச் செல்லும்போது, அவ்வியப்பை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே செல்லட்டும். அங்கே ஒழுங்கைப் பேசாமல் உடன் அமர்ந்திருப்பதே ஆயரின் முதற்கடமை. பின்னர், அடுத்த அலைக்கு முன் இக்குப்பத்திற்குச் செய்தி வந்து சேருமா என்று அதிகாரிகளிடம் வினவுவது இரண்டாம் கடமை.